மஞ்சள் ரிப்பனுக்குள்ளே

அத்தியாயம் 17

முழங்கால் வீக்கத்தை மறைக்கத் தொளதொளவென்று ஒரு கால்சட்டை போதும் என்று தவளைக்காரி நினைத்தாள். ஆனால் மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பற்றிப் பற்றி இறங்குகிறாளே, அந்தச் சத்தத்தை எதைப் போட்டு மறைப்பது?

கீழே சமையலறையில் மாமனார் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே பதினான்கு படியையும் எண்ணியிருப்பார்.

போன வியாழக்கிழமை அவள் விழுந்த சமாசாரம் வீட்டில் இன்னும் ஆறவில்லை. காட்டில் அளப்பதற்காகக் குறித்துவைத்த ஏழாவது சதுரத்துக்குள், ஈரச் சருகுக்கு அடியில் கிடந்த பாசிக்கட்டையில் கால் வைத்தாள். கட்டை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அன்று சாயங்காலம் கணவன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். ஆபீசில் உட்கார்ந்து பார்க்கிற வேலையே உலகத்தில் இல்லையா, தவளையா உனக்குச் சம்பளம் தருகிறது என்று கேட்டான். அதுவரை வாயைத் திறக்காத மாமனார் தம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் தண்ணீர் சிந்தியது.

"அவ வேலை அவளோடது. வழுக்குதுன்னா வழுக்காம இருக்க வழி பார்க்கணும். வேலையை விடச் சொல்றது ஒரு வழியா?"

அதோடு பேச்சு அடங்கியது. அவர் என்ன வழி பார்க்கப்போகிறார் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

தவளைக்காரி என்பது கணவன் வைத்த பெயர். கல்யாணமான முதல் மாதம், ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள் நிற்பதைப் பார்த்து, இதென்ன புது மருந்தா என்று கேட்டான். தவளைத் தோலில் நோய்ப் பூஞ்சை இருக்கிறதா என்று துடைத்தெடுத்த பஞ்சுக்குச்சிகள் என்றாள். அன்றைக்கு ரொட்டியை வெறுமையாகத் தின்றவன், அடுத்த நாளே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப்பேரை மேலே ஏற்றி இறக்குகிறவன் தரையோடு தரையாகத் தவழ்கிற ஜீவனுக்காக உருகுகிறவளைக் கட்டிக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

அவள் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், காட்டுக்கு மார்க் போடுவது. தவளைகள் வாழ இந்தக் காடு எந்த அளவுக்குத் தகுதியானது என்று நூற்றுக்கு மார்க். தலைக்கு மேல் இலைக்கூரை எவ்வளவு அடர்த்தி, ஓடைத் தண்ணீரின் சூடு எவ்வளவு, மண்ணில் ஈரம் எவ்வளவு, விழுந்து மக்கும் கட்டைகள் எத்தனை, சருகு எத்தனை அங்குலம் கனத்தில் படிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மார்க். அறுபதுக்கு மேல் வாங்கினால் காடு காடாகவே இருக்கும். கீழே போனால், மலையைச் சுற்றிப் போகும் புதுச் சாலை இந்தக் காட்டின் நடுவே வரும். ஓடையைக் குழாய்க்குள் விட்டு மூடிவிடுவார்கள். போன வருடம் இந்தக் காடு எழுபத்தெட்டு வாங்கியிருந்தது. இந்த வருடக் கணக்குதான் கடைசி. முதல் மழை பெய்து இரண்டு வாரத்துக்குள் அளந்துவிட வேண்டும். அந்த இரண்டாவது வாரத்தின் கடைசி நாள் இன்று.

"இன்னைக்கு உனக்கு வேலை சுருக்கா முடிஞ்சிடும் பாரு" என்றார் மாமனார், ரொட்டியைக் காகிதத்தில் மடித்தபடி.

"எப்படி மாமா சொல்றீங்க?"

"சொல்றேன்ல."

மூன்று நாளாகவே அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. முப்பது வருடம் நகரப் பூங்காவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்காமல் வீட்டு வாசலில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டு வாசல், எதிர்வீட்டு வாசல் என்று பெருக்கிக்கொண்டே போய்த் தெருமுனை வரை சுத்தம் செய்துவிட்டுத்தான் காபி குடிப்பார். கீழே ஒரு சருகு கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருடைய நல்ல வாக்குப் பலிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு தவளைக்காரி கிளம்பினாள்.

காட்டு வாயிலில் நீலத்தொப்பி காத்திருந்தார். சாலை நிறுவனத்தின் அளவையாளர் அவர். காட்டுத் தரப்பில் அவள், சாலைத் தரப்பில் அவர் என்று இரண்டு தரப்பும் சேர்ந்துதான் அளக்க வேண்டும், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வாயில் சாவிகூட ஒரு வாரம் அவளிடம், ஒரு வாரம் அவரிடம். இந்த வாரம் அவர் முறை.

எதிராளி என்றாலும் கெட்டவர் இல்லை. நிறுவனம் அவரை வருடாவருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில்தான் வைத்திருந்தது. கொசு கடித்தால்கூட யாரையும் திட்டாமல் சொறிந்துகொள்வார். போன வாரம் அவள் விழுந்தபோது தோள் கொடுத்து வாயில் வரை கூட்டிவந்தவர் அவர்தான். அவளுக்கு அவரைப் பிடிக்கும். அவர் நிறுவனத்தைத்தான் பிடிக்காது. மூன்று வாரம் முன்பு அந்த நிறுவனத்து ஆட்கள் ஓடைக்கரையில் நான்கு மரங்களை, காற்றில் சாய்ந்தவை என்று சொல்லி வெட்டிப் போட்டிருந்தார்கள். சாய்ந்த மரத்தில் ரம்பம் பட்ட தடம் இருந்ததை அவள்தான் படம் எடுத்து, காடா சாலையா என்று தீர்ப்புச் சொல்லும் கமிட்டிக்கு அனுப்பினாள்.

வாயிலில் இருந்த தொட்டியில் இருவரும் காலணியை மருந்துத் தண்ணீரில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். ஊரிலிருந்து பூஞ்சை உள்ளே போகக் கூடாது. தொட்டிக்கு மேல் பலகை ஒன்று உண்டு. காட்டுக்கு வெளியே போன எந்தப் பொருளும் மீண்டும் உள்ளே வரக் கூடாது, இலை உட்பட. அந்த வாசகத்தை எழுதியவள் அவள்தான்.

நடக்கையில் நீலத்தொப்பி தன் மகளுக்கு முன்பல் விழுந்ததையும், அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்ததையும் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். முதல் சதுரத்தின் மஞ்சள் ரிப்பன் மரங்களுக்கு இடையே தெரிந்தது.

அதற்குள் ஒன்றுமே இல்லை.

ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர், நான்கு மூலையிலும் முளை அடித்து ரிப்பன் கட்டிய சதுரம். ரிப்பனுக்கு வெளியே சருகு கணுக்கால் புதையக் கிடந்தது. உள்ளே வெறும் மண். அதுவும் சும்மா மண் இல்லை, வாரி இழுத்த கோடுகள் சீராக, ஒரே பக்கமாக, தலை வாரிவிட்டதுபோல. கட்டைகள் இல்லை. கற்கள்கூட ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தன.

அவள் ஸ்டீல் அளவுகோலை எடுத்து மண்ணில் நிறுத்தினாள். எதற்கு நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பூஜ்யத்தை அளப்பதற்கு அளவுகோல் எதற்கு?

"மேடம்" என்றார் நீலத்தொப்பி.

இரண்டாவது சதுரமும் அப்படித்தான். மூன்றாவதும். வீங்கிய முழங்காலை மறந்து அவள் ஓட ஆரம்பித்தாள். ஏழாவது சதுரத்தில் அவளை வழுக்கிவிட்ட பாசிக்கட்டை இருந்த இடத்தில், கட்டை கிடந்த பள்ளம்கூட மண் போட்டு நிரவப்பட்டிருந்தது. பத்தும் முடிந்தது. காடு முழுக்கச் சருகு, காடு முழுக்கக் கட்டை. அளக்கவேண்டிய பத்து இடத்தில் மட்டும் மொட்டை.

இந்தப் பத்துச் சதுரத்தையும் வருட ஆரம்பத்தில் வரைபடத்தின் மீது சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்தால் தேர்ந்தெடுத்ததுதான். நாலடி தள்ளி அளக்கக் கூடாது. நேற்று இருந்ததை எழுதக் கூடாது. அளக்கிற நாளில் அளக்கிற இடத்தில் எது இருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். சருகுக்கு இருபத்தைந்து மார்க், கட்டைக்குப் பதினைந்து. நாற்பது மார்க்கை யாரோ வாரிக்கொண்டு போய்விட்டார்கள்.

இந்தக் காட்டில் ஒரு தவளை இருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவுதான் மொத்த உடம்பும். ஓடைப்பக்கமே போகாது. சருகுக்கு அடியில், ஈரம் காயாத இடமாகப் பார்த்து முட்டையிடும். தலைப்பிரட்டை, வால், நீச்சல் எதுவும் கிடையாது. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, முழுத் தவளையாகவே வெளியே வரும். முதல் மழையின் இரண்டாவது வாரம்தான் அதன் முட்டைக் காலம். சருகு போனால் அதற்கு மார்க் மட்டுமா போகும்?

அவள் நீலத்தொப்பியின் பக்கம் திரும்பினாள்.

"சாவி யார்கிட்ட இருந்துது?"

"என்கிட்டதான் மேடம். ஆனா நான்..."

"ரிப்பன் எங்கெங்க இருக்குன்னு வெளி ஆளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் தொடல மேடம்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லாததே அவளுக்குக் குற்றத்தின் குரலாகப் பட்டது. கோபத்தில் இருப்பவருக்கு எதிராளி கத்தினாலும் குற்றம், கத்தாவிட்டாலும் குற்றம்.

இருவரும் மற்றதை அளந்தார்கள். கூட்டினால் நாற்பத்தொன்று. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். குறிப்பு எழுதும் கட்டத்தில் மட்டும் அவள் தன் கையெழுத்தில் அழுத்தி எழுதினாள்: சதுரங்கள் பத்தும் வேண்டுமென்றே கலைக்கப்பட்டுள்ளன. சாவி சாலை நிறுவனத்தின் அளவையாளரிடம் இருந்தது. படங்களை அங்கிருந்தே தன் ஆபீஸ் தலைமை அதிகாரிக்கு அனுப்பினாள்.

மத்தியானம் ஆபீசுக்குள் நுழைந்தபோது தலைமை அதிகாரி அம்மாள் எழுந்து நின்று வரவேற்றார். அவர் எழுந்து நின்று இந்த ஆறு வருடத்தில் அவள் பார்த்ததில்லை. கமிட்டிக்குப் புகார் போய்விட்டது, அவர்களும் படங்களைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்கள் என்றார். விதிப்புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை விரல் வைத்துக் காட்டினார். ஒரு தரப்பு சதுரத்தைக் கலைத்தது நிரூபணமானால், கலைந்த அம்சங்களுக்குப் போன வருட மார்க்கையே போட வேண்டும். அப்படியானால் காடு எழுபதைத் தாண்டிவிடும். பிழைத்துவிடும்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கமிட்டி முன்னாடி நீ வாக்குமூலம் கொடுக்கணும். பார்த்ததைச் சொன்னா போதும். நம்ம பக்கம் சுத்தம்."

"நம்ம பக்கம் கலைச்சிருந்தா என்ன விதி மேடம்?" சும்மாதான் கேட்டாள். எதையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு.

தலைமை அதிகாரி சிரித்தார். அப்படியானால் இன்று எழுதிய மார்க்தான் மார்க். இல்லாவிட்டால் தானே கலைத்துவிட்டு எதிராளி தலையில் கட்டிவிடலாமே, அதற்காக வைத்த விதி என்றார். பிறகு, போகிற போக்கில், அந்த அளவையாளரை நிறுவனம் அதற்குள்ளாகவே வேலையிலிருந்து நிறுத்திவிட்டதாம் என்றும் சொன்னார். தங்களுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை, அவராகச் செய்தது என்று கடிதமே கொடுத்துவிட்டார்களாம்.

தவளைக்காரிக்கு அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் காடு பிழைக்கும் என்ற நினைப்பு அந்த உறுத்தலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்பினாள். வெயில் இன்னும் பின்கட்டுச் சுவரில் இருந்தது. மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார், பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல.

"வழுக்குச்சா?"

"இல்ல மாமா."

"எப்படி வழுக்கும்?" என்றார். அந்தச் சந்தோஷத்தை அவரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வா, வா என்று அவளைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார்.

முழங்கால் வீங்கியதிலிருந்து அவள் அந்தப் பக்கமே வரவில்லை. சுவர் ஓரமாகச் சாக்கு மூட்டைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தன. கட்டைகள் தனியாக, ஒரே நீளத்துக்கு அறுத்து, கயிறு போட்டுக் கட்டியிருந்தன. ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்திருந்தது. உள்ளே கறுப்பு ஈரச் சருகு.

அவள் கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், மூன்று நாள் வேலை. வாயில் வழியாகப் போனால் நீ பார்த்துவிடுவாய் என்று பின்பக்க ரோட்டில் வண்டியை நிறுத்தி, ஓடையில் கல் மேல் கல்லாகத் தாண்டி உள்ளே போனேன். நடைப்பயிற்சிக் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்தார்கள். அவர்களுக்கு வாரத் தெரியாது, நான்தான் ஒவ்வொரு இடத்தையும் இரண்டாம் தடவை வாரினேன். காட்டுச் சருகு உரத்துக்குத் தங்கம், அதையும் ஏன் விட வேண்டும் என்று கொண்டுவந்துவிட்டேன். காடு முழுக்கச் செய்யலாம் என்றுதான் ஆசை, இந்த வயதில் முடியுமா?

"அன்னைக்கு உன்கிட்டக் கேட்டேனே, மஞ்சள் ரிப்பன் கட்டின இடத்துலதான் நீ நடக்கணுமான்னு. ஆமா மாமா, அதுக்குள்ளதான் எனக்கு எல்லா வேலையும்னு சொன்னே. அதான், அதை மட்டுமாவது சுத்தம் பண்ணிடுவோம்னு."

சொல்லியிருந்தாள். கால் வலியில், வாயில் ரொட்டியோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லியிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளைக்காரி வாயைத் திறந்தாள், கெட்டது காட்டில் இருந்த தவளை.

"பத்து இடமுமா மாமா?"

"ஒண்ணு விடல."

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? கத்தலாமா? அழலாமா? இந்த வீட்டில் அவளுக்காகத் தம்ளரைத் தட்டிப் பேசிய ஒரே மனிதர். எழுபது வயதில் கல் தாண்டி, குனிந்து குனிந்து, அவள் விழுந்த பள்ளத்தைக்கூட மண் போட்டு நிரவிவிட்டு வந்திருக்கிறார். அவர் உள்ளங்கையில் புதிதாக இரண்டு கொப்புளம் உடைந்திருந்தது.

"நல்லா இருக்கு மாமா" என்றாள். அது பொய்யா மெய்யா என்று அவளுக்கே புரியவில்லை.

கணவன் வந்ததும் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். மூட்டை ஏற்றிய வண்டி அவனுடைய கம்பெனி வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டியவனும் அவன்தான்.

"எங்கேர்ந்து அள்ளுறார்னு தெரியாதா உங்களுக்கு?"

"காட்டுலேர்ந்துன்னு தெரியும். அதுக்கு மார்க் உண்டுன்னு யாருக்குத் தெரியும்? குப்பைக்குப் போய் இருபத்தஞ்சு மார்க்குன்னு நீ எப்பவாவது சொன்னியா?"

சொன்னதில்லை. அவன் சிரிப்பான் என்று சொன்னதில்லை.

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். புகார், நீலத்தொப்பி, நாளைக்குக் காலைப் பத்து மணி. அவன் முகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாடி இறங்கியது. கடைசியில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பாகிட்டச் சொல்லாதே" என்றான் முதலில். "தாங்க மாட்டார். முப்பது வருஷம் ஒரு பூவைப் பறிச்சார்னு பேர் வாங்காத மனுஷன். காட்டுக்குள்ள புகுந்து கட்டை அறுத்தார்னு கேஸ் போடுவாங்களா மாட்டாங்களா?"

"போடுவாங்க."

"அப்புறம் என்ன? ரோட்டுக் கம்பெனிக்காரன் மேலயே இருக்கட்டும். மரத்தை வெட்டினவங்கதானே அவங்க? செஞ்ச பாவத்துக்கு அனுபவிக்கட்டும்."

"அனுபவிக்கிறது கம்பெனி இல்லைங்க. அவர். இன்னைக்கு மத்தியானமே நிறுத்திட்டாங்க. பல்லு விழுந்த பொண்ணு ஒண்ணு இருக்கு அவருக்கு."

அவள் தானாகவே மேலே பேசினாள். உண்மையைச் சொன்னால் நாற்பத்தொன்று. இரண்டு மாதத்தில் இயந்திரம் வந்துவிடும். ஆறு வருடமாக ஓர் ஓடையை, அதன் ஒவ்வொரு கல்லையும் அறிந்தவள் தானே போய் அதைக் குழாய்க்குள் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதாகும். சொல்லாவிட்டால், அந்த மனிதர் இனி எந்தக் காட்டிலும் அளவுகோல் பிடிக்க முடியாது. வாயைத் திறந்தாலும் ஒன்று சாகிறது, மூடினாலும் ஒன்று சாகிறது.

"திரும்பக் கொண்டுபோய்க் கொட்டிட்டா?" என்றான். லிஃப்ட் நின்றால் திரும்ப ஓட்டத்தானே பார்ப்பான் மெக்கானிக்.

முடியாது என்று அவள் தலையசைத்தாள். அளந்து கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அதைவிட, வெளியே போன இலை உள்ளே வரக் கூடாது. மூன்று நாளாக ஊர் மண்ணில், ஊர்ச் சாக்கில் கிடந்த சருகு. இதில் பூஞ்சை ஒட்டியிருந்தால் பத்துச் சதுரம் போனது போதாதென்று காடே போகும்.

"உன் கையில எதுவுமே இல்லையா?" என்றான். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் அவளுக்கு அழுகை வந்த இடம்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பின்கட்டுக்குப் போய், வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, அவிழ்ந்த மூட்டையிலிருந்து சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினாள். எதற்கு என்று கேட்டால் அவளிடம் பதில் இல்லை. மாமனார், மருமகள் உரத்தின் தரம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் முதுகுக்கு ஒரு தலையணையைக் கொண்டுவந்து வைத்தார். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அது ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது.

முதல் முட்டைக் கொத்து காய்ந்து, சருகோடு சருகாக ஒட்டிப்போயிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மூட்டையின் அடியில், இரண்டு அகல இலைகளுக்கு நடுவே, இன்னும் ஈரமாக ஒரு கொத்து. வேகவைத்த ஜவ்வரிசி போல, கண்ணாடியாக, பதினாறோ பதினேழோ மணிகள். மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளிக்குக் கால் இருந்தது. ஒன்று மெதுவாகப் புரண்டது.

உயிரோடு இருந்தன. ஆனால் எங்கே போவதற்கு? அவளுடைய பலகை அவற்றையும் உள்ளே விடாது.

இலையைக் கிண்ணம்போல மடித்து இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டாள். கொஞ்சம் சாய்த்தால் ஈரம் வடிந்துவிடும். அந்த நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. பக்கத்தில் தரையில் கிடந்தது. திரையில் யார் என்று தெரிந்தது. நீலத்தொப்பி.

அவளால் எடுக்க முடியவில்லை. எடுக்க வேண்டாம் என்று மாமனாரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். என் கை காலியில்லை என்று சொல்கிறாள் என அவர் புரிந்துகொண்டார்.

"நான் பேசுறேன்மா, நீ பாரு" என்று போனை எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ... அவ கைவேலையா இருக்கா தம்பி. நான் மாமனார் பேசுறேன். சொல்லுங்க."

நீலத்தொப்பி சொன்னார். மாமனார் முதலில் நின்றபடி கேட்டார். பிறகு கட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அடப்பாவமே. இன்னைக்கேவா நிறுத்திட்டாங்க?"

மறுபடி கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நீங்க தொடலைன்னா தொடலைதான் தம்பி. குரலைக் கேட்டாலே தெரியுது. என் மருமக யார் வயித்துலயும் அடிக்கிறவ இல்ல. நானே சொல்றேன் அவகிட்ட. நீங்க பிள்ளைக்குச் சாப்பாடு போட்டுட்டு நிம்மதியா தூங்குங்க."

கணவன் சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தான். போனுக்காகக் கையை நீட்டினான். மாமனார், இரு என்று அவனுக்கு விரலைக் காட்டிவிட்டு, பேச்சை மரியாதையாக முடிக்கிறவர்போல, "அப்படி என்னத்தைத்தான் தம்பி அள்ளிட்டுப் போயிட்டாங்களாம்?" என்று கேட்டார்.

பதில் கொஞ்சம் நீளமாக வந்தது. தவளைக்காரிக்கு வார்த்தை கேட்கவில்லை. அவர் முகம்தான் தெரிந்தது.

"மஞ்சள் ரிப்பனா?" என்றார்.

போனை அந்தக் காதிலிருந்து இந்தக் காதுக்கு மாற்றினார்.

"எத்தனை இடம்னு சொன்னீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். மாமா, வையுங்கள் என்று சொல்லலாம். மாமா, சொல்லுங்கள் என்றும் சொல்லலாம். உள்ளங்கையில் ஒரு மணி புரண்டது. ஈரம் வடியாமல் இலையை இன்னும் கொஞ்சம் மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் மூட்டைகளைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார். நல்லா இருக்கு மாமா என்று சொன்ன அவள் முகத்தை, இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல, வெகுநேரம்.

"தம்பி" என்றார் போனில். குரல் தெளிவாகவே இருந்தது. "வச்சிடாதீங்க. இருங்க. நான் ஒண்ணு சொல்லணும்."